எளிய ஆங்கில வினைச்சொற்கள், எதிர்பாராத பொருள்கள்: எப்படிப் படிப்பது?

தென்காசி மாணவி

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தீர்ப்புகளை ஆங்கிலத்திலேயே வாசிக்க வேண்டியிருக்கிறது. நீளமான, கடினமான சொற்கள் என்னைத் தடுப்பதில்லை. அப்படி ஒரு சொல் தெரியாதபோது, தெரியவில்லை என்பதாவது தெரிகிறது. அகராதியை எடுத்தால் விடை கிடைத்துவிடுகிறது. தொடக்கப் பள்ளியிலேயே பழகிய சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான் குழப்புகின்றன.

அரசியலமைப்புச் சட்டத்தின் 132ஆவது பிரிவு 'ஆன் அப்பீல் ஷல் லை டு த சுப்ரீம் கோர்ட்' என்று தொடங்குகிறது. 'லை' என்றால் படுத்திருப்பது, இல்லையென்றால் பொய் சொல்வது. இரண்டும் பொருந்தவில்லை. இதிலாவது பொருந்தாமை கண்ணுக்குத் தெரிகிறது. 'ஹி பிரிஃபர்டு ஆன் அப்பீல்' என்ற வரியில் அதுவும் இல்லை. 'மேல்முறையீட்டை விரும்பினார்' என்று எடுத்துக்கொண்டாலும் வாக்கியம் பொருள் தருவதுபோலவே இருக்கிறது. தவறு என்று காட்டிக்கொடுக்க அதில் எதுவும் இல்லை. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

நீதிமன்றம் ஒரு மனுவை 'என்டர்டெயின்' செய்ய மறுக்கிறது, ஒருவர் உயர் நீதிமன்றத்தை 'மூவ்' செய்கிறார், ஒரு பத்திரம் 'எக்ஸிக்யூட்' ஆகிறது. இவற்றுக்கெல்லாம் ஏதேனும் வழிமுறை உண்டா, அல்லது ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துதான் தீர வேண்டுமா?

கோப்பு நடை

வணக்கம் அம்மா. மாவட்ட நீதிமன்றத்தில் ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்டிருக்கும் சொற்களோடுதான் என் பணிக்காலம் கழிந்தது.

நீதிமன்ற ஆங்கிலத்தில் 'அப்பீல் லைஸ்' என்றால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்று பொருள். 'நோ அப்பீல் ஷல் லை' என்றால் இடமில்லை. மேல்முறையீடு செய்யும் வழி அங்கே கிடக்கிறது, கையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் புரிந்துகொண்டால் மனத்தில் நிற்கும்.

'பிரிஃபர்' லத்தீனிலிருந்து வந்தது. முன்னே கொண்டுவந்து வைப்பது என்பது அதன் மூலப்பொருள். ஒன்றை மற்றொன்றுக்கு முன்னால் வைப்பதால் 'விரும்பு' என்ற பொருள் கிளைத்தது. நீதிமன்றம் பழைய பொருளையே வைத்துக்கொண்டது. ஆகவே 'மேல்முறையீடு தாக்கல் செய்தார்' என்று எழுதுங்கள்.

'என்டர்டெயின்' பிரெஞ்சு வழியாக வந்தது. பிடித்து வைத்திருப்பது, பேணுவது என்பது மூலம். விருந்தினரைப் பேணுவதிலிருந்து மகிழ்விப்பது வந்தது. மனுவை 'என்டர்டெயின்' செய்வது என்றால் ஏற்றுக்கொண்டு விசாரணைக்கு எடுப்பது. நீதிமன்றத்தை 'மூவ்' செய்வது என்றால் மனுவோடு அணுகுவது.

'ட்ரை' பட்டியலில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய பிரெஞ்சில் அதற்குச் சலித்துப் பிரித்தெடுப்பது என்று பொருள். வழக்கை 'ட்ரை' செய்வது, அதாவது விசாரிப்பது, அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாம் பள்ளியில் முதலில் படிக்கும் 'முயற்சி செய்' ஆங்கிலத்தில் பின்னால் வந்து சேர்ந்தது.

'எக்ஸிக்யூட்' என்பதற்கு மூலப்பொருள் இறுதிவரை பின்தொடர்ந்து முடிப்பது. தீர்ப்பாணையையும் 'எக்ஸிக்யூட்' செய்வார்கள், மரண தண்டனையையும் செய்வார்கள். தமிழிலும் இரண்டுக்கும் 'நிறைவேற்று' என்றே சொல்கிறோம். பத்திரத்துக்கு மட்டும் நம்மிடம் தனி வழக்கு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் 'எழுதிக்கொடுப்பவர்', 'எழுதிப் பெறுபவர்' என்றுதான் சொல்வார்கள். பத்திரம் 'எக்ஸிக்யூட்' ஆனது என்றால் எழுதிக்கொடுக்கப்பட்டது என்று பொருள்.

மூலத்தைத் தேடிப் பிடியுங்கள். கிளைகள் தாமாகவே விளங்கும் என்பது என் முடிவு.

வகுப்பறை எண் 7

ஐயா தந்த விளக்கங்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்ன வழியை நான் ஏற்கவில்லை. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். லத்தீனும் பழைய பிரெஞ்சும் தெரிந்தவர்களுக்கு மூலம் ஒரு துணை. தென்காசி மாணவிக்கு அவை எங்கிருந்து வரும்? சொல்லைச் சந்திக்கும் அந்த நொடியில் மூலம் அவருக்குத் தெரியாது. பிறகு யாராவது சொன்னால் விளங்கும். விளக்கம் வேறு, வழி வேறு.

நம் மொழியைப் பாருங்கள். வெயில் அடிக்கிறது. மணி அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். களத்தில் கதிர் அடிக்கிறார்கள். லாட்டரியில் பரிசு அடிக்கிறது. நாற்றம் அடிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை எதிலும் தடுமாறுவதில்லை. அந்தக் குழந்தைக்கு 'அடி' என்ற சொல்லின் வரலாறு தெரியுமா? தெரியாது. வெயிலோடு வரும் அடி, மணியோடு வரும் அடி, பரிசோடு வரும் அடி என்று ஒவ்வொன்றையும் துணையோடு சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறது.

தொல்காப்பியம் இதைச் சொல்லதிகாரத்தில் தொட்டிருக்கிறது. 'வினை வேறுபடூஉம் பல பொருள் ஒரு சொல்' என்று ஒரு வகையை அது பிரிக்கிறது. மா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மா காய்த்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. பக்கத்தில் வரும் வினை, பெயரின் பொருளை முடிவு செய்கிறது. நம் சிக்கலில் அது அப்படியே திரும்பி நிற்கிறது. பக்கத்தில் வரும் பெயர், வினையின் பொருளை முடிவு செய்கிறது.

ஆகவே 'லை' என்று ஒரு வரியும் அதற்கு எதிரே நான்கு பொருள்களும் எழுதிய குறிப்பேட்டைத் தூக்கிப் போடுங்கள். 'அப்பீல் லைஸ்' என்று ஒரு பதிவு, 'பிரிஃபர் ஆன் அப்பீல்' என்று ஒரு பதிவு, 'என்டர்டெயின் எ பெட்டிஷன்' என்று ஒரு பதிவு. துணையோடு எழுதுங்கள், துணையோடு படியுங்கள். நம் பிள்ளைகள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பட்டியல் போட்டுப் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. 'பிரிஃபர் = விரும்பு' என்ற அந்தச் சமன்குறிதான் பின்னால் தீர்ப்பைத் தவறாகப் படிக்க வைக்கிறது.

மேலூர்

எவ்வளவு விளக்கினாலும் ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி. அதில் விதியைத் தேடுவது வீண். மனப்பாடம் ஒன்றே வழி.

வகுப்பறை எண் 7

மேலூர் நண்பருக்கு: வெளிநாட்டவர் ஒருவர் தமிழ் படிக்க வந்து 'பசி எடுக்கிறது', 'படம் எடுக்கிறார்', 'வகுப்பு எடுக்கிறார்', 'வாந்தி எடுத்தான்' எல்லாவற்றையும் கேட்டால் தமிழையும் இப்படித்தான் சொல்வார். அது நமக்கு நியாயமாகத் தோன்றாது.

கோப்பு நடை

ஆசிரியர் சொன்ன துணைச்சொல் முறை நல்லது. ஆனால் மூலத்தை ஒதுக்கிவிட்டால் சில இடங்களில் விடையே கிடைக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவரை 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' செல்ல அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கும். 'லெட்' என்றால் விடு என்று படித்தவர் இங்கே என்ன செய்வார்? விடாமல் செல்ல அனுமதியுங்கள் என்றா படிப்பார்?

பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைகள். ஒன்றுக்கு விடு என்று பொருள், மற்றொன்றுக்குத் தடு என்று பொருள். ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றன. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூடத் 'தடு' உயிரோடு இருந்தது. இன்று அது பெரும்பாலும் இத்தகைய சட்ட வாசகங்களில்தான் எஞ்சியிருக்கிறது.

'கிளீவ்' என்பதும் அப்படித்தான். பிளப்பதற்கும் அதே சொல், ஒட்டிக்கொள்வதற்கும் அதே சொல். இரண்டு வேறு வினைகள் ஓர் உருவில் கலந்துவிட்டன. ஒரே சொல் எதிரெதிர் பொருள் தருகிறது என்று வியப்பவருக்கு, அவை ஒரே சொல் அல்ல என்று காட்ட வரலாறு ஒன்றால்தான் முடியும்.

பாளையங்கோட்டை வாசகி

ஐயா 'கிளீவ்' என்றதும் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், மனிதன் தந்தையையும் தாயையும் விட்டு மனைவியோடு 'கிளீவ்' செய்வான் என்று வருகிறது. தமிழ் வேதாகமம் 'தன் மனைவியோடே இசைந்திருப்பான்' என்கிறது. தமிழ் பக்கத்தில் இருந்தால் பிளப்பதா, ஒட்டுவதா என்ற ஐயத்துக்கே இடமில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துப் படிக்கும் பழக்கம் உண்டு. பழைய ஆங்கில வினைகளை நான் கற்றது அப்படித்தான். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

23ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் 'ஐ ஷல் நாட் வான்ட்' என்று வருகிறது. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் படித்தவர் 'நான் விரும்பமாட்டேன்' என்று எடுப்பார். தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்'. 'வான்ட்' என்பதன் பழைய பொருள் குறைவுபடுவது. குறைவதை நாடுவதால் 'வேண்டு' என்ற பொருள் பின்னால் வந்தது.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வர 'சஃபர்' என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். துன்பப்படுங்கள் என்று எடுத்தால் வசனமே தலைகீழாகிவிடும். தமிழில் 'வருகிறதற்கு இடங்கொடுங்கள்'.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'பிரிவென்ட்' செய்வதில்லை என்று வருகிறது. தடுப்பதில்லை என்று எடுத்தாலும் ஏதோ பொருள் வருவதுபோல இருக்கும், மாணவி அஞ்சியதைப் போலவே. தமிழில் 'முந்திக்கொள்வதில்லை'. முன்னால் வருவது என்பதே லத்தீன் மூலப்பொருள். முந்திக்கொண்டு போய் நின்றால் அடுத்தவர் வழி அடைபடும். அங்கிருந்து 'தடு' வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் ஐயாவிடம் கேட்க விரும்புகிறேன். 'சஃபர்' என்பதற்குத் துன்பமும் அனுமதியும் எப்படி ஒன்றாக வந்தன?

கோப்பு நடை

நல்ல கேள்வி அம்மா. 'பிரிஃபர்' என்பதில் இருக்கும் அதே லத்தீன் வினைதான் 'சஃபர்' என்பதிலும் இருக்கிறது. சுமப்பது அதன் பொருள். முன்னே சுமந்து வந்தால் 'பிரிஃபர்', கீழிருந்து சுமந்தால் 'சஃபர்'. சுமையைத் தாங்குபவர் வலியையும் தாங்குகிறார். பிறர் செய்வதையும் தடுக்காமல் தாங்கிக்கொள்கிறார். தமிழில் 'பொறு' இதே இரண்டையும் செய்கிறது. வலியைப் பொறுக்கிறோம், பிழையையும் பொறுக்கிறோம். 'சஃபர்' என்பதைத் 'துன்பப்படு' என்று கற்பிப்பதற்குப் பதிலாகப் 'பொறு' என்று கற்பித்திருந்தால் பாதிக் குழப்பம் தோன்றியே இருக்காது.

வடமராட்சி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வேலை செய்கிறேன். தங்கையின் கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சட்டமும் வேதாகமமும் படிக்காதவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுவிட்டது. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் ஒலித்தது. விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைந்தது. ஒன்று தொடங்குகிறது, ஒன்று நிற்கிறது, ஒன்று புளிக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கடினமாக இருந்தவை இத்தகைய சிறு சொற்கோவைகள்தான்.

இதில் ஒரு பெரிய முயற்சி தடுமாறியதையும் சொல்ல வேண்டும். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் 850 சொற்களே கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை உருவாக்கினார். உலகம் முழுவதும் அதைக் கற்றால் போதும் என்றார். அதில் வினைகள் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக் போன்றவை. 1943இல் வின்ஸ்டன் சர்ச்சிலும் அதை ஆதரித்துப் பேசினார். கேட்பதற்கு எவ்வளவு எளிமை! ஆனால் மற்ற வினைகளை எல்லாம் நீக்கிவிட்டதால் அவற்றின் வேலை முழுவதும் இந்தப் பதினெட்டின் தலையில் விழுந்தது. 'டாலரேட்' என்ற சொல்லை நீக்கினால் 'புட் அப் வித்' வேண்டும். எதைப் 'புட்' செய்கிறார்கள், எங்கே 'அப்'? கற்பவருக்கு 'டாலரேட்' ஒரே நாளில் வந்துவிடும். 'புட் அப் வித்' வர மாதக்கணக்கில் ஆகும். சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் பொருள்களின் எண்ணிக்கையைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். இந்த வகையில் கற்பவர் பக்கம் நின்று யோசிப்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் தப்பவில்லை. பிரிட்டனில் ஒரு தாளை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டுப் படை அதிகாரிகளும் இந்த ஒரு வினையை வைத்து நீண்ட நேரம் கடுமையாக வாதிட்டார்கள் என்றும், இரு தரப்பும் வேண்டியது ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது என்றும் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

தென்காசி மாணவி

எல்லோருக்கும் நன்றி. துணைச்சொல்லோடு எழுதும் குறிப்பேட்டைத் தொடங்கிவிட்டேன். ஆனால் ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 'ரன்' என்ற ஒரே வினைக்கு 645 பொருள்கள் என்று படித்தேன். அதைப் பார்த்ததும் கை ஓய்ந்துவிட்டது. ஒரு சொல்லுக்கே இவ்வளவு என்றால்?

வகுப்பறை எண் 7

அந்த எண் உண்மைதான். 1989இல் வந்த பதிப்பில் 'செட்' 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. புதிய திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. ஆனால் அந்த அகராதி எதை எண்ணுகிறது என்று பாருங்கள். அது ஆயிரம் ஆண்டு ஆங்கிலத்தின் வரலாறு. வழக்கிழந்தவை, கப்பல்காரர்கள் மட்டும் சொன்னவை, அச்சுக்கூடத்தில் மட்டும் வழங்கியவை எல்லாம் தனித்தனி எண் பெற்றிருக்கும். மேலும் குதிரை ஓடுவதும் ஆறு ஓடுவதும் வேறு வேறு பொருளா, ஒன்றேயா என்பது அகராதி தொகுப்பவர் எடுக்கும் முடிவு. மாணவரின் தலையில் அது சுமையாக ஏற வேண்டியதில்லை.

சொல் எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ அவ்வளவு அதிகப் பொருள்கள் அதற்கு உண்டு என்று ஜார்ஜ் ஜிஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945இல் காட்டினார். ஆகவே பழகிய சொல்லில் பழகாத பொருள் தென்படுவது ஆங்கிலத்தின் குறைபாடு அல்ல. எந்த மொழியிலும் சின்னச் சொற்கள்தான் அதிகம் உழைக்கும்.

கற்பவருக்கு எந்தப் பொருள் முதலில் வேண்டும் என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்து, வங்காளத்துப் பிள்ளைகளுக்காகப் பாடநூல் எழுதியவர். 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2000 சொற்களின் பட்டியலில், ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று விழுக்காடும் தந்திருக்கிறார். நம் துணைக்கண்டத்து வகுப்பறையில் இருந்தவரிடமிருந்து அது வந்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேரின் குழு, கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களைக் கொண்டு கற்பவர்களுக்கான அகராதி ஒன்றைத் தொகுத்தது. அன்றாட வினைகள் பல இடங்களில் தம் பொருளையே இழந்து நிற்பது அதில் தெளிவானது. 'டேக் எ லுக்' என்பதில் எதையும் எடுப்பதில்லை. நாம் 'மூச்சு விடு', 'சண்டை போடு' என்று சொல்வதும் அப்படித்தான்.

உங்களுக்கு வேண்டியவை சட்டத்தில் வரும் பொருள்கள். அவை முடிவில்லாதவை அல்ல. தீர்ப்புகளைத் தொடர்ந்து வாசித்தால் அதே சேர்க்கைகள் திரும்பத் திரும்ப வரும்.

கோப்பு நடை

ஒரு தடை சொல்கிறேன் ஆசிரியரே. துணைச்சொல் எப்போதும் காப்பாற்றாது. 'சாங்ஷன்' என்ற வினையைப் பாருங்கள். வங்கி கடனை 'சாங்ஷன்' செய்தால் ஒப்புதல். ஊழல் தடுப்புச் சட்டப்படி அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர 'சாங்ஷன்' வேண்டும் என்றால் முன் அனுமதி. ஆனால் செய்தித்தாளில் ஓர் அரசு இன்னோர் அரசை 'சாங்ஷன்' செய்தது என்றால் தண்டனைத் தடை. சரி, இவற்றைத் துணையால் பிரித்துவிடலாம். ஓர் அரசு ஒரு வணிக ஒப்பந்தத்தை 'சாங்ஷன்' செய்தது என்று மட்டும் இருந்தால்? ஒப்புதலா, தண்டனையா? சட்டத்தை உறுதிப்படுத்துவது என்ற ஒரே லத்தீன் மூலத்திலிருந்துதான் இரண்டும் வந்தன. ஒப்புதலும் சட்டத்துக்கு உறுதி தருகிறது, மீறினால் கிடைக்கும் தண்டனையும் உறுதி தருகிறது.

வகுப்பறை எண் 7

ஐயா, நீங்கள் சொன்ன மூலமும் அந்த வாக்கியத்தில் எது என்று முடிவு செய்ய உதவவில்லையே. அங்கே முன்பத்தியையும் பின்பத்தியையும் படித்தாக வேண்டும். அது எந்த நாட்டில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். தண்டிப்பது என்ற வினைப்பொருள் இருபதாம் நூற்றாண்டில் பரவியது. இருந்தாலும் உங்கள் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் இதையே பயன்படுத்துவேன்.

கோப்பு நடை

பயன்படுத்துங்கள். 'டிஸ்சார்ஜ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலம் சுமை இறக்குவது. நோயாளி, கடன், கடமை, பேட்டரி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தில் மூலம் மட்டும் போதாது என்பதை நானே சொல்கிறேன். குற்றச்சாட்டு வனைவதற்கு, அதாவது நீதிமன்றம் அதை முறைப்படி பதிவு செய்வதற்கு, முன்பே ஒருவரை வழக்கிலிருந்து நீக்கினால் 'டிஸ்சார்ஜ்', தமிழில் விடுவிப்பு. விசாரணை முடிந்து குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பானால் 'அக்விட்டல்', தமிழில் விடுதலை. இரண்டையும் 'விடுதலை' என்று செய்தியில் எழுதும்போது அந்த மனிதரின் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து இதில் கவனம் வைக்க வேண்டும்.

தென்காசி மாணவி

'ரன்' பற்றிக் கேட்டதால் அதையே தேடிப் பார்த்தேன். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசை, காலம் எப்போதிலிருந்து 'ரன்' ஆகத் தொடங்குகிறது என்பது. காலவரம்பு ஓடத் தொடங்கும் நாள் என்று எழுதிக்கொண்டேன். தமிழிலும் காலம் ஓடுவதால் சிரமமில்லை. இன்னோர் இடத்தில் நிற்கிறேன். உயர் நீதிமன்றத்தின் 'ரிட்' அதன் எல்லைக்கு அப்பால் 'ரன்' ஆகாது என்று ஒரு பழைய தீர்ப்பில் வருகிறது. நீதிப்பேராணை ஓடாது என்று எழுதலாமா, ஐயா?

கோப்பு நடை

ஓடாது என்று வேண்டாம் அம்மா. நீங்கள் படிப்பது 1953இல் உச்ச நீதிமன்றம் தந்த தேர்தல் ஆணைய வழக்கின் தீர்ப்பாக இருக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. அங்கே 'ரன்' என்றால் அந்த ஆணைக்கு அதிகாரம் இருப்பது. நம்மிடம் பொருத்தமான வினை ஏற்கெனவே இருக்கிறது. நடந்து செல்வதற்கும் 'செல்' என்கிறோம், காசு செல்லும், செல்லாது என்றும் சொல்கிறோம். 'உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணை அதன் ஆட்சி எல்லைக்கு அப்பால் செல்லாது' என்று எழுதுங்கள். எல்லையைத் தாண்டிப் போகாது என்பதும் வந்துவிடும், செல்லுபடியாகாது என்பதும் வந்துவிடும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம், உயர் நீதிமன்றங்களுக்கு நீதிப்பேராணை அதிகாரம் தரும் 226ஆவது பிரிவை மாற்றிவிட்டது. மேற்கோள் காட்டுவதற்கு முன் அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.